கார்க் கதவும் மழைநீரும்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

மழை பெய்தால் ஊர் செழிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் மழையைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. விடியற்காலையில் தெருவின் நீளத்திற்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும் வேலை மழைநாளில் நின்றுவிடும். குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். இவற்றோடு, நெய்து முடித்த சேலையைக் கடைக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது நனைந்துவிடக்கூடாதே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

கூரையும் கதவும் கண்ணாடியும் உள்ள காரில் வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் சில ஆண்டுகள் ஓடிய கார்களில் பல, கதவின் ஓரமாகவே நீரை உள்ளே விடுகின்றன. உடனே கடைக்குச் சென்று சிலிகான் பேஸ்ட் ஒன்று வாங்கி, கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் பூசிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு பூசியபின் ஒழுகல் நிற்பதும் உண்டு. முன்னினும் மிகுவதும் உண்டு. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்ன என்பதை, நான் படிக்கும் பாடத்தின் துணைகொண்டும், எங்கள் தெருவில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பட்டும் ஈரமும்

முதலில், சில துளி நீருக்கு இத்தனை கவலை ஏன் என்று பிற ஊர் நண்பர்கள் கேட்கக்கூடும். பட்டு என்பது புரத இழை. பட்டுப்புழு நூற்கும் கச்சாப் பட்டில் நான்கில் ஒரு பங்கு அளவிற்குச் செரிசின் என்னும் பசை உள்ளது. அதனை நீக்கிச் சாயம் ஏற்றியபின் கிடைக்கும் பளபளப்பான இழையே தறிக்கு வருகிறது. இந்த இழைக்கு ஈரத்தின்மீது மிகுந்த நாட்டம் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் பட்டு கைக்கு நனைந்ததுபோல் தோன்றுவதில்லை. எனவே மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "ஈரமில்லை" என்று சொல்வது போதாது.

நனைந்த பட்டு உலரும்போது நீர் நின்ற எல்லையில் வரையிட்டதுபோல் கறை விழும். ஒரு வண்ணத்தில் உடலும் மற்றொரு வண்ணத்தில் கரையும் வைத்துக் கோர்வையாக நெய்வது காஞ்சிபுரத்தின் தனிச்சிறப்பு. அச்சிறப்பே ஈரத்தில் வினையாக முடியும். அரக்கு நிறக் கரையிலிருந்து சாயம் சிறிதளவு கசிந்தாலும் சந்தன நிற உடலில் அது பளிச்சென்று தெரியும். சரிகைக்கும் ஈரம் நல்லதன்று. பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டினைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதே அசல் சரிகை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தாக்கிக் கருக்கவைக்கும். ஈரம் அத்தாக்குதலை விரைவுபடுத்தும். 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் மதிப்பு, தறியிலிருந்து வாங்குபவர் கைக்குச் செல்லும் வழியில் கெடுவதற்கு ஓர் உள்ளங்கை நீர் போதும்.

கதவு எவ்வாறு அமைந்துள்ளது?

கார்க் கதவு ஒரே தகடு அன்று. வெளித்தகடு ஒன்றும் உள்தகடு ஒன்றுமாக, நடுவில் வெற்றிடத்துடன் ஒரு பெட்டிபோல் அமைந்தது. கண்ணாடியை இறக்கும்போது அது இந்த வெற்றிடத்திற்குள்தான் இறங்குகிறது. கண்ணாடி இறங்குவதற்கு வழி இருக்குமானால், அதன்மீது வழியும் நீர் இறங்குவதற்கும் வழி இருக்கத்தானே செய்யும்? கண்ணாடியின் வெளிப்புறத்தை ஒட்டி ஓர் இரப்பர்ப் பட்டை இருப்பது உண்மை. அது பெரும்பகுதி நீரை வழித்துவிடும், முழுவதையும் தடுக்காது. மழைக்காலத்தில் ஒவ்வொரு கார்க் கதவின் உள்ளும் நீர் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. இது பழுது அன்று, அமைப்பே அதுதான்.

அவ்வாறு இறங்கிய நீர் வெளியேறுவதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விடப்பட்டுள்ளன. குனிந்து பார்த்தால்தான் அவை தெரியும். அவற்றை வடிதுளைகள் என்று அழைக்கலாம்.

கதவின் உள்தகட்டில் கைவிடுவதற்கும் கருவிகளைப் பொருத்துவதற்கும் பெரிய திறப்புகள் இருக்கும். கதவுக்குள் விழும் நீர் அத்திறப்புகளின் வழியே பயணிகள் பக்கம் தெறிக்காதிருக்க, உள்தகட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல்தான் நாம் காணும் டோர் பேட் பொருத்தப்படுகிறது. இறுதியாக, கதவு மூடும்போது உடற்பகுதியோடு அழுந்தி நிற்கும் பீடிங் இரப்பர் சுற்றிலும் அமைந்துள்ளது.

ஆகவே காவல்கள் நான்கு: கண்ணாடியை ஒட்டிய பட்டை, உள்ளே ஒட்டிய தாள், அடியிலுள்ள வடிதுளை, சுற்றிலும் உள்ள பீடிங். இவற்றுள் மூன்று நீரைத் தடுப்பவை. வடிதுளை ஒன்று மட்டும் நீரை வெளியேற்றுவது. அந்த ஒன்றை அடைத்துவிட்டால் மற்ற மூன்றும் பயனற்றுப்போகும்.

இந்த உண்மையை அறிவதற்குப் பிள்ளையார்பாளையத்தார் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோயில் எங்கள் பகுதியிலேயே உள்ளது. நம் கோயில்களின் சுவருக்குமேல் வளைந்து வெளியே நீண்டிருக்கும் கபோதகம், மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்கிறது. பழைய கார்களின் கதவுக்குமேல் உள்ள தகட்டு வாரியும் அதே பணியைச் செய்வது. கருவறைக்குள் திருமஞ்சன நீர் நாள்தோறும் விழுகிறது. அந்த நீரை உள்ளே விடுவதற்குச் சிற்பிகள் அஞ்சவில்லை. வெளியேறுவதற்கு வடபுறத்தில் கோமுகம் வைத்தார்கள். கார்க் கதவின் வடிதுளையைக் கதவின் கோமுகம் என்று கொண்டால் எளிதில் மறக்காது.

நீர் நுழையும் விதம்

ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். காரின் கூரை ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் என்று கொண்டால், 50 மில்லிமீட்டர் மழையில் கூரையின்மேல் மட்டும் 100 லிட்டர் நீர் விழுகிறது. அதில் கணிசமான பங்கு கதவுகளின்மேல்தான் வழியும். நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் ஒரு லிட்டர் ஆகிவிடும்.

நீர் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வது இயல்பு. ஆனால் குறுகிய இடுக்குகளில் அது மேல்நோக்கியும் ஏறும். இதனை நுண்புழை ஏற்றம் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறோம். நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன் அளவில் உள்ளது. இக்கணக்கின்படி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தூய்மையான இரு தட்டுகளுக்கிடையே நீர் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். அரை மில்லிமீட்டர் இடைவெளியானால் மூன்று சென்டிமீட்டர் உயரும். இடுக்கு சிறிதாக இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்வது சரியன்று என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவதாகக் காற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் முகப்பை மோதும் காற்றின் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல் ஆகும். இது மூன்று சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கப் போதுமானது. பக்கவாட்டிலோ வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கதவின் மேற்சட்டம் சற்றே வெளிப்பக்கம் இழுக்கப்படும். பீடிங்கின் பிடி தளரும். நிற்கும்போது ஒழுகாத கார் நெடுஞ்சாலையில் ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

இவையன்றி, நீர் நுழையும் இடமும் நாம் ஈரத்தைக் காணும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். முன்கண்ணாடியின் மேல்மூலையில் நுழைந்த நீர் தூணுக்குள் இறங்கிக் காலடியில் தோன்றலாம். குளிர்சாதனப் பெட்டியின் கழிவுநீர்க் குழாய் அடைபட்டாலும் முன்பக்கத் தரை நனையும். மழையில்லா நாளிலும் ஈரம் இருந்தால் குழாயையே முதலில் ஐயுறவேண்டும். கதவின்மேல் பழி போடக்கூடாது.

எங்கள் தெருவில் கண்டது

என் தாய்மாமன் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டி வருகிறார். முகூர்த்தப் பட்டு வாங்க வருவோரைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், தெருவில் நெய்த சேலைகளைக் கடைகளுக்குக் கொண்டுசெல்வதும் அவருடைய தொழில். கடந்த ஐப்பசியில் ஒருநாள் அடுத்த வீட்டுப் பெரியவர் தம் இரண்டு சேலைகளை அவரிடம் கொடுத்தனுப்பினார். பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவில், தரையில் மூட்டை வைக்கப்பட்டது. கடையில் பிரித்தபோது கீழே இருந்த சேலையின் மடிப்பில் நீர்க்கோடு விழுந்திருந்தது. பெரியவரும் அவர் மனைவியும் பதினைந்து நாள் உழைத்த சேலை அது. கடைக்காரர் கூலியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் என் மாமாவை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் மறுவாரம் தம் சேலையை அவர் சைக்கிளில் கட்டி எடுத்துச் சென்றார். அதைக் கண்டு மாமா அன்று பகல் உணவே கொள்ளவில்லை.

அந்தக் கதவு அதற்கு ஒரு மாதம் முன்புதான் 'ஒழுகாமல்' செய்யப்பட்டிருந்தது. சாலையோரப் பட்டறை ஒன்றில் கதவின் நான்கு புறமும் சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி அனுப்பியிருந்தார்கள்.

"இவ்வளவு பூசியும் தண்ணி வருதே, இன்னும் எங்கதான் பூசறது மாப்ளே?" என்று மாமா கேட்டார். கதவை ஒருமுறை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். குடத்தை அசைத்ததுபோல் உள்ளே நீர் அலம்பும் ஒலி கேட்டது. அடிவிளிம்பைத் தடவிப் பார்த்ததில், வடிதுளைகள் மூன்றும் பேஸ்ட்டினால் அடைபட்டிருந்தன.

பேஸ்ட்டைச் சுரண்டியதும் ஏறக்குறைய இரண்டு செம்பு நீர் துருநிறத்தில் வடிந்தது. பிறகு டோர் பேடைக் கழற்றினோம். சில மாதங்களுக்கு முன்பு கண்ணாடி ஏற்றும் பொறியைப் பழுதுபார்த்தவர்கள் உள்ளிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெடுத்துவிட்டு, அதன் பாதியை மட்டும் ஒப்புக்கு ஒட்டிவைத்திருந்தார்கள். நிகழ்ந்தது என்ன என்பது இப்போது தெளிவாகியது. தாள் கிழிந்ததால் முதலில் சிறிதளவு நீர் உள்ளே தெறித்தது. அதனை நிறுத்தப் பூசிய பேஸ்ட் வடிதுளையை மூடியது. கதவு தொட்டியாக மாறியது. நீர்மட்டம் உயர்ந்து, திறப்பின் வழியே நிலைப்படியைத் தாண்டித் தரைக்கு வந்தது. பீடிங் இரப்பரோ நல்ல நிலையிலேயே இருந்தது.

கண்டறியும் முறை

எந்த அடைபசையையும் கையில் எடுப்பதற்குமுன் நீரின் வழியைக் கண்டறியவேண்டும். அதற்கு நாங்கள் கையாண்ட முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. காரினுள் உள்ள மிதியடிகளை நீக்கித் தரையை நன்கு உலர்த்தவேண்டும். பின்னர் தரையிலும் நிலைப்படியிலும் பழைய செய்தித்தாளை விரிக்கவேண்டும். ஒரு துளி விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

2. வடிதுளைகளைத் தென்னை ஈர்க்கினால் குத்தித் தூய்மை செய்யவேண்டும். இரும்புக் கம்பி வண்ணப்பூச்சைக் கீறித் துருவுக்கு வழி செய்யும், ஈர்க்கு கீறாது.

3. ஒருவர் காரினுள் டார்ச் விளக்குடன் அமரவேண்டும். மற்றவர் வெளியிலிருந்து குழாயால் மெதுவாக நீர் விடவேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே செல்வது இன்றியமையாதது. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்து, நுழைந்த இடம் எது என்று பிரித்தறிய இயலாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிடமாவது தரவேண்டும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் அழுத்தமான பீச்சலை இதற்குப் பயன்படுத்தலாகாது. மழை ஒருபோதும் அவ்வாறு பெய்வதில்லை.

4. பீடிங்கின் பிடிப்பை அறிய, ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கவேண்டும். இறுக்கமாக வந்தால் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் அழுத்தம் இல்லை. பீடிங்கின்மேல் சாக்குக்கட்டித் தூளைத் தடவிக் கதவை மூடித் திறந்தால், இரப்பர் தொடும் இடங்களில் மட்டும் எதிர்ப்புறத்தில் வெண்கோடு படியும். கோடு அறுபடும் இடமே ஐயத்திற்குரிய இடம்.

5. பல இடங்களிலும் பிடிப்புக் குறைந்திருந்தால், கதவே கீல் தேய்ந்து தொங்கியிருக்கலாம். கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும் கொக்கியைத் திருகு தளர்த்திச் சிறிதளவு உட்புறம் தள்ளிப் பொருத்தினால் கதவு இறுகும். இதற்குப் பசை ஏதும் தேவையில்லை.

இரப்பரின் முதுமையும் அடைபசையின் வகைகளும்

இரப்பர் ஏன் கெடுகிறது? 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர், கச்சா இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்று கண்டார். எனினும் இயற்கை இரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அப்பிணைப்புகளைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கும். வளைந்து இழுபட்டு நிற்கும் இடங்களில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். எதிலீன், புரோப்பிலீன் ஆகியவற்றோடு சிறிதளவு டையீன் சேர்த்துச் செய்யும் இ.பி.டி.எம். என்னும் செயற்கை இரப்பரில் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆகவே ஓசோனையும் வெயிலையும் அது நன்கு தாங்குகிறது. இக்காலக் கார்ப் பீடிங்குகள் பெரும்பாலும் இதனால் ஆனவை. ஆனால் டீசல், என்ஜின் ஆயில், கிரீஸ் ஆகியவை பட்டால் இதுவும் உப்பிக் கெடும். பீடிங்கை மென்மையாக வைத்திருக்கச் சிலிகான் கிரீஸ் சிறிதளவு போதும்.

வெடித்து நசுங்கிய பீடிங்கை மாற்றுவதே முறை. அதன்மேல் பசை பூசி அதனைப் பிழைக்கவைக்க முடியாது. பீடிங்கின் பணி அழுந்தி எழுவது. இறுகிய பசைக்கட்டி அதனைச் செய்யாது. அடைபசைக்கு உரிய இடங்கள் அசையாத இணைப்புகளே. இனி, அதன் வகைகளைக் காண்போம்.

சிலிகான்: சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறி அமைந்த சங்கிலி உடையது. டியூபிலிருந்து வெளிவந்ததும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. இதில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும். பூசிய இடத்தில் காடியின் புளித்த வாடை வீசும். இவ்வமிலம் இரும்புத் தகட்டை அரிக்கும். வீட்டுக் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் ஏற்ற இதனைக் கார்த் தகட்டில் பூசினால் ஒழுகலை அடைத்துத் துருவை வரவழைத்தவர்களாவோம். மற்றது நடுநிலைச் சிலிகான். இது அமிலத்தை வெளியிடாது. தகட்டிற்கு உரியது இதுவே. வாங்கும்போது உறையைப் படித்துப் பார்ப்பது நலம். சிலிகான் பூசிய இடத்தில் பின்னர் வண்ணம் பிடிக்காது என்பதால், டிங்கர் வேலைக்கு விடவிருக்கும் காரில் இதனைத் தவிர்க்கவேண்டும்.

பியூட்டைல் நாடா: ஐசோபியூட்டிலீனோடு சிறிதளவு ஐசோப்பிரீன் சேர்ந்த பியூட்டைல் இரப்பர் 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. காற்றையும் நீராவியையும் மிகக் குறைவாகவே ஊடுருவவிடும் தன்மையால் டயர் ட்யூபுகளுக்குப் பயன்பட்டது. பிசுபிசுப்பான கரிய நாடாவாகக் கிடைக்கும் இது முழுதும் இறுகுவதில்லை. மீண்டும் பிரித்தெடுத்து ஒட்டலாம். கதவின் உள்தாளை ஒட்டுவதற்கு இதுவே சிறந்தது.

பாலியூரித்தேன்: வலிமை மிக்கது. முன்கண்ணாடியை உடலோடு ஒட்டவும், தகடுகளின் சந்திப்பை அடைக்கவும் பயன்படுகிறது. இதன்மேல் வண்ணம் பூசலாம். கைக்கும் கண்ணுக்கும் தீங்கு செய்யக்கூடியதாதலால் கையுறை இன்றித் தொடலாகாது.

பூசும் முறை

அடைபசை தோற்பதற்குப் பொருளின் குறையைக் காட்டிலும் பரப்பின் அழுக்கே பெரிதும் காரணமாகிறது. பழைய பசையை மரச்சில்லால் சுரண்டி, சோப்பு நீரால் கழுவி, முற்றும் உலர்த்தி, எண்ணெய்ப் பசை போக ஐசோப்புரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி உலர்த்தியபின்னரே மேற்செல்லவேண்டும். ஈரத்தின்மேல் பூசிய பசை, ஈரத்தை அடியில் சிறைவைத்துத் துருவை வளர்க்கும்.

சிலிகானை மெல்லிய கோடாக இட்டு, சோப்பு நீரில் நனைத்த விரலால் வழித்துவிடவேண்டும். இருபது நிமிடத்திற்குள் மேற்பரப்பு ஆடைகட்டும். ஆனால் உட்புறம் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகும். எனவே பூசிய அன்றே நீர்விட்டுச் சோதிப்பது கூடாது.

மாமாவின் காரில் எங்களுக்குச் சிலிகானே தேவைப்படவில்லை. தடித்த பாலிதீன் தாளை வெட்டி, பியூட்டைல் நாடாவால் உள்தகட்டைச் சுற்றி ஒட்டினோம். தாளின் அடிவிளிம்பைக் கதவுக்குள் செல்லும் பிளவில் மடித்து இறக்கினோம். தாளில் பட்ட நீர் மீண்டும் கதவுக்குள்ளேயே விழுந்து வடிதுளைக்குச் செல்வதற்கு இம்மடிப்பு மிக முக்கியம். இதனை வெளியே விட்டால் நீர் தரைக்கே வரும். செலவு ஒரு நாள் கூலிக்குள் அடங்கியது. மறுநாள் அரைமணி நேரம் நீர் விட்டபோது உள்ளே விரித்த செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது. கதவின் அடியில் மூன்று துளைகளிலிருந்தும் நீர் சீராகச் சொட்டியது. அந்தச் சொட்டைக் காட்டி, "இப்பத்தான் ஒழுகுது பார்" என்றார் மாமா. உண்மையில் கதவு தன் கடமையைச் செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது என்று விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

இதோடு இரு பழக்கங்களையும் மாமா மேற்கொண்டுள்ளார். மழைக்காலம் தொடங்குமுன் புரட்டாசியிலேயே ஈர்க்குகொண்டு வடிதுளைகளைத் தூய்மை செய்கிறார். சேலை மூட்டை எதுவாயினும் அதனைத் தரையில் வைப்பதில்லை. பாலிதீன் உறையிட்டு இருக்கைமேல் வைக்கிறார். கார்த்திகை மழை விட்டு வெயில் வந்ததொரு நாளில், அடுத்த வீட்டுப் பெரியவரை அழைத்துவந்து காரில் அமரவைத்து, வெளியிலிருந்து நானே நீர் ஊற்றிக் காட்டினேன். தை முகூர்த்தத்திற்கு நெய்த சேலையை அவர் மாமாவிடமே கொடுத்தனுப்பினார்.

முடிவுரை

நம் காஞ்சிபுரம் மாவட்டம் இன்று பட்டிற்கு மட்டுமன்றிக் கார்களுக்கும் பெயர்பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010-ஆம் ஆண்டிலும் உற்பத்தியைத் தொடங்கின. கார்த் தொழிற்சாலைகளில் புதிய வண்டியை வெளியே அனுப்புமுன் செயற்கை மழைக்கூடத்தில் நிறுத்தி நீர் கசிகிறதா என்று சோதிப்பது வழக்கம். அத்தகைய கூடம் நம்மிடம் இல்லை. ஆயினும் ஒரு குழாயும், ஒரு டார்ச்சும், பழைய செய்தித்தாளும், பொறுமையும் இருந்தால் அதே சோதனையைத் தெருவிலேயே நடத்திவிடலாம்.

அடைபசை நல்ல பொருளே. வழி தெரியாமல் பூசும்போது அதுவே கேடாகிறது. நீர் வரக்கூடாத வழி எது, போகவேண்டிய வழி எது என்று முதலில் பிரித்தறிந்து, வரக்கூடாத வழியை அடைத்து, போகவேண்டிய வழியைத் திறந்துவைப்பதே இத்தொழிலின் சாரம். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வீழ்படிவைக் கண்டால், அது எதனால் வந்தது என்று படிப்படியாகச் சோதித்தறிகிறோம். ஊகத்தால் விடை எழுதுவதில்லை. அப்பழக்கத்தை வகுப்பறைக்கு வெளியேயும் கொண்டுசெல்வோமானால், நாம் படிக்கும் படிப்பு நம் தெருவில் ஒருவருடைய பதினைந்து நாள் கூலியைக் காக்கும். மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு காரின் கதவடியில் இன்றே குனிந்து பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். துளைகள் அடைபட்டிருந்தால், வேண்டியது ஓர் ஈர்க்கு மட்டுமே.